அந்த 15 சதவீதத்துக்கு என்ன வேலை?

லாஸ் ஏஞ்சலீஸில் பாலியல் படங்களில் நடிக்கும் ஒரு நடிகைக்கு ஒரு நாள் படப்பிடிப்புக்கு 1,000 டாலர் பேசியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏஜெண்ட் வழியாக வந்த வேலை என்றால் அதில் 10 முதல் 15 சதவீதம் அவருக்குப் போய்விடும். அதோடு நிற்காது. தயாரிப்பாளரிடமும் புக்கிங் ஃபீஸ் என்று தனியாக நூறு டாலரை ஒட்டி ஒரு தொகை வாங்குவார். நம் ஊரில் வீட்டுத் தரகர் வீட்டுக்காரரிடமும் வாடகைக்கு வருபவரிடமும் கமிஷன் வாங்குவாரே, அதே கணக்கு.

அந்த 150 டாலரை ஏன் விட வேண்டும் என்றுதான் அங்கே பலர் ஏஜெண்டே வேண்டாம் என்று இறங்குகிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் ஏஜெண்ட் என்றால் வேலை பிடித்துக் கொடுப்பவர் என்று நினைத்துக்கொண்டு இறங்குவதில்தான் பிசகு. வேலை இப்போது தானாகவே தேடி வரும். எக்ஸ் தளத்தில் ஒரு கணக்கும் நாலு படமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் கூப்பிட ஆள் வந்துவிடும். நல்ல ஏஜெண்ட் அந்த 15 சதவீதத்தைச் சம்பாதிப்பது, வருகிற பத்து அழைப்புகளில் எந்த ஏழு அழைப்பைத் தட்டிக்கழிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருப்பதால். தனியாக இறங்குகிறவர் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். மீதியெல்லாம் காகித வேலை.

எழுத உட்கார்ந்தால் முதலில் சொல்லே இடிக்கிறது. நீலப்படம், பலான படம், பிட்டுப் படம். இந்தக் கடைசிச் சொல் கொட்டகையில் ஒரு படத்தின் நடுவே துண்டு ரீலைச் செருகி ஓட்டிய காலத்தில் பிறந்தது. மூன்றுமே பார்க்கிறவர் பக்கமிருந்து வந்த சொற்கள். அதில் வேலை செய்கிறவர் பக்கமிருந்து தமிழில் ஒரு சொல்லும் இல்லை. அதனால் அடல்ட் படம் என்றே எழுதிவிடுகிறேன்.

லாஸ் ஏஞ்சலீஸ் ஏன் என்பதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. காசு கொடுத்து இப்படி நடிக்க வைப்பது விபச்சாரத்துக்கு ஆள் பிடிப்பதாகாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1988-ல் ஃப்ரீமன் வழக்கில் சொன்னது. 2008-ல் நியூ ஹாம்ப்ஷையர் மாநில உச்ச நீதிமன்றமும் அதே மாதிரி ஒரு தீர்ப்பு கொடுத்தது. லாஸ் ஏஞ்சலீஸின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் சாட்ஸ்வொர்த், வான் நைஸ், கனோகா பார்க் பக்கம் இந்தத் தொழில் வேர் பிடித்திருக்கிறது. 2012 நவம்பரில் லாஸ் ஏஞ்சலீஸ் கவுண்டி மக்கள் ஆணுறையைக் கட்டாயமாக்கும் ‘மெஷர் பி’க்கு வாக்களித்த பிறகு பல நிறுவனங்கள் அனுமதி வாங்கிப் படமெடுப்பதைக் குறைத்துக்கொண்டன. சில லாஸ் வேகாஸ் பக்கம் நகர்ந்தன. மயாமியிலும் வேலை உண்டு. ஆனாலும் புதிதாக வருகிறவர் விமான டிக்கெட் எடுப்பது பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலீஸுக்குத்தான்.

ஏஜெண்ட் வேண்டாம் என்று முடிவெடுத்தவரும் ஏஜெண்டுக்கான சட்டத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஏனென்றால் ‘நான் ஏஜெண்ட் இல்லை, மேனேஜர்’ என்று ஒருவர் கட்டாயம் வந்து நிற்பார். கலிஃபோர்னியாவில் ஒருவருக்கு நடிப்பு வேலை வாங்கித் தர முயல்கிறவர், தன்னை என்ன பெயரில் அழைத்துக்கொண்டாலும், மாநிலத் தொழிலாளர் ஆணையரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உரிமத்துக்கு 50,000 டாலர் பிணைப் பத்திரம் கட்ட வேண்டும், கமிஷன் விகிதப் பட்டியலை ஆணையரிடம் கொடுத்துவிட்டு அலுவலகத்திலும் ஒட்டிவைக்க வேண்டும். பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது. படம் எடுத்துத் தருகிறேன், பயிற்சி தருகிறேன் என்று வேலைக்கு முன்னாலேயே காசு கறக்கிற ஆசாமிகளுக்கென்றே 2010 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. உரிமம் இருக்கிறதா என்று ஆணையரின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல்தான் ஆறு மாத ‘எக்ஸ்க்ளூசிவ்’ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தானே பிடித்த வேலைக்கும் கமிஷன் அழுதுகொண்டிருக்கிறார்கள்.

இனி காகிதம். முதல் காகிதம் வயதுக்கானது. 1980-களின் நடுவில், பிரபலமான ஒரு நடிகை பதினெட்டு ஆவதற்கு முன்பே போலி அடையாள அட்டையைக் காட்டிப் படங்களில் நடித்திருந்தது தெரியவந்து தொழிலே ஆட்டம் கண்டது. 1988-ல் மத்திய சட்டத்தில் 2257 என்ற பிரிவு வந்தது. நடிக்கிற ஒவ்வொருவரின் அரசு அடையாள அட்டையையும் தயாரிப்பாளர் பார்த்து நகல் எடுத்து, சட்டப்பூர்வப் பெயரையும் இதுவரை வைத்துக்கொண்ட எல்லாத் திரைப்பெயர்களையும் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். அதனால் ‘டூ டூ ஃபைவ் செவன்’ என்பது அங்கே படப்பிடிப்புத் தளத்தின் அன்றாடச் சொல்லாகிவிட்டது. காலையில் போனதும் முதல் வேலையே அந்தப் படிவமும், அட்டையை முகத்தருகே பிடித்து ஒரு படமும்தான்.

இங்கே ஒரு சின்ன நுணுக்கம். அமெரிக்க ஓட்டுநர் உரிமத்தில் வீட்டு முகவரி இருக்கும். பாஸ்போர்ட்டில் இருக்காது. வருடத்துக்கு ஐம்பது தளங்களில் அட்டையை நகலெடுக்கக் கொடுக்கப்போகிறவர் வீட்டு முகவரியை ஐம்பது அலமாரிகளில் வைத்துவிட்டு வர வேண்டிய அவசியமில்லை. பாஸ்போர்ட்டை முதல் அட்டையாகக் கொடுங்கள். சில தளங்களில் இரண்டு அட்டை கேட்பார்கள், அதற்கும் தயாராகப் போக வேண்டும். காலாவதியான அட்டையோடு போனால் அன்றைக்கு வேலை இல்லை, திருப்பி அனுப்பிவிடுவார்கள். அட்டை கேட்காத இடமாக இருந்தால் நீங்களே திரும்பி வந்துவிட வேண்டும். வயதைச் சரிபார்க்காதவர் வேறு எதையும் சரிபார்த்திருக்க மாட்டார்.

இரண்டாவது காகிதம் ரத்தம். 1998 முதல் தொழிலுக்கென்றே ஒரு மருத்துவ மையம் இயங்கியது. 2011-ல் அது மூடப்பட்ட பிறகு ‘பாஸ்’ என்ற ஏற்பாட்டை ஃப்ரீ ஸ்பீச் கோலிஷன் என்ற தொழில் அமைப்பு கொண்டுவந்தது. அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் பரிசோதனை செய்துகொண்டால் முடிவு ஒரு தரவுத்தளத்துக்குப் போகும். தயாரிப்பாளருக்கு நோய் விவரம் எதுவும் தெரியாது, இவர் வேலை செய்யலாமா கூடாதா என்பது மட்டும் தெரியும். எச்.ஐ.வி., சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா, ட்ரைகோமோனஸ், ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் பார்ப்பார்கள். ரத்தமும் சிறுநீரும் மட்டும் கொடுத்தால் போதாது. தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்க வேண்டும். கொனோரியா தொண்டையில் மட்டும் அறிகுறியே இல்லாமல் உட்கார்ந்திருக்கலாம், சிறுநீரில் அது தெரியாது. புதிதாக வருகிறவர் குடும்ப மருத்துவரிடம் எடுத்த பரிசோதனையோடு வந்து ஏமாறுவது இங்கேதான்.

2013 முதல் அந்த முடிவு 14 நாளைக்குத்தான் செல்லும். அதற்கு முன் ஒரு மாதம் வரை ஓடியது. எச்.ஐ.வி.க்கு வைரஸின் மரபணுவையே தேடும் முறையைப் பயன்படுத்துகிறார்கள். அது தொற்றிய 10 முதல் 33 நாளுக்குள் கண்டுபிடிக்கும். மருந்துக் கடையில் கிடைக்கிற விரைவுச் சோதனை எதிர்ப்பொருளைத் தேடுவது. அதற்கு 23 முதல் 90 நாள் வரை ஆகலாம். அதனால் அந்தக் குச்சியைக் காட்டி ‘நான் கிளீன்’ என்கிறவரோடு வேலை செய்யாதீர்கள். 14 நாள் ஏற்பாடும் முழுக் காப்பு கிடையாது என்பது மேலே உள்ள எண்களைப் பார்த்தாலே தெரியும். அது ஆபத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

நாள் எண்ணுவதில் எல்லோரும் ஒருமுறை தவறுவார்கள். கடிகாரம் முடிவு வந்த நாளிலிருந்து ஓடாது, ரத்தம் எடுத்த நாளிலிருந்து ஓடும். திங்கள்கிழமை ரத்தம் கொடுத்து வியாழனன்று முடிவு வந்தால் மூன்று நாள் ஏற்கெனவே போய்விட்டது. கையில் இருப்பது பதினொரு நாள். ஒரு பரிசோதனைக்கு ஏறத்தாழ 150 முதல் 200 டாலர். அதைப் பெரும்பாலும் நடிகர்தான் கட்டுகிறார். ஆகவே மூன்று படப்பிடிப்பை மூன்று வாரத்தில் பரப்பிக்கொள்வதைவிட ஒரே சுற்றுக்குள் அடுக்கிக்கொள்வது லாபம். ஏஜெண்ட் இதைத்தான் பலகையில் எழுதி வைத்திருப்பார். சட்டம் பேசினால், நடிகர் ஊழியர் என்ற கணக்கில் வந்தால் வேலைக்கு நிபந்தனையாக வைக்கிற மருத்துவச் சோதனையின் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும் என்கிறது கலிஃபோர்னியா தொழிலாளர் சட்டம். ஆனால் அவரை ஊழியராக யாரும் எழுதுவதில்லை, தனி ஒப்பந்தக்காரர் என்றே எழுதுகிறார்கள். அப்படி ஒப்பந்தக்காரர் என்று எழுதுவதைக் கடினமாக்கிய ஏபி 5 சட்டம் 2020-ல் வந்த பிறகும் நடைமுறை பெரிதாக மாறவில்லை.

ஃபோனில் காட்டுகிற பிடிஎஃப்பை நம்பக் கூடாது. 2012-ல் ஒரு நடிகர் தன்னுடைய சிபிலிஸ் முடிவை மறைத்து, திருத்திய தாளைக் காட்டி வேலைக்குப் போனார். தொழில் முழுக்கப் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு நடிகர்களை வரிசையில் நிற்க வைத்து மருந்து போட வேண்டியதாயிற்று. அவர் சிறைக்குப் போனார். அதனால் தளத்தில் கூட நடிக்கிறவரின் நிலையைத் தரவுத்தளத்திலேயே திறந்து காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. உங்களுடையதையும் திறந்து காட்டுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் படங்கள். மேக்கப் போட்டு, விளக்கு வைத்து, ஸ்டுடியோவில் 600 டாலர் செலவழித்து எடுத்த படங்களை நிறுவனங்கள் பெரிதாக மதிப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது காலையில் கதவைத் திறந்து உள்ளே வரப்போகிற ஆள் எப்படி இருப்பார் என்பது. ஜன்னல் வெளிச்சத்தில், வெறும் சுவர் முன்னால், ஃபில்டர் இல்லாமல், முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், முகம் மட்டும் ஒன்று, மேக்கப் இல்லாத முகம் ஒன்று. ஆறேழு படம் போதும். பச்சை குத்தியிருந்தால் மறைக்க வேண்டாம், அன்றைக்குத் தெரியத்தான் போகிறது. ஒரு மாதத்துக்கு முந்தைய படத்தை அனுப்பாதீர்கள். அனுப்புவதற்கு முன் படத்தோடு ஒட்டியிருக்கும் இடத் தகவலை நீக்கிவிட வேண்டும். ஃபோனில் எடுத்த படம் உங்கள் வீட்டு வாசலைக் காட்டிக் கொடுத்துவிடும்.

திரைப்பெயர் வைப்பதைப் பலர் விளையாட்டாக நினைக்கிறார்கள். பிறந்த பெயரின் துண்டு, ஊர்ப் பெயர், பள்ளிக்கூடத்துச் செல்லப் பெயர் எதுவும் அதில் இருக்கக் கூடாது. தேடிப் பார்த்து வேறு நடிகர் யாருக்கும் இல்லாததாக வைக்க வேண்டும். அந்தப் பெயரில் தனி மின்னஞ்சல், தனித் தொலைபேசி எண், கடிதங்களுக்கு ஒரு அஞ்சல் பெட்டி. இவை மூன்றும் முதல் வேலைக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். பழைய எண்ணை ஒரே ஒரு தயாரிப்பாளருக்குக் கொடுத்தாலும் போதும், அது அவர் ஃபோனின் தொடர்புப் பட்டியலிலிருந்து உங்கள் சித்தி மகனுக்கு ‘இவரைத் தெரியுமா’ என்று போய் நிற்கும்.

அடுத்தது, கேட்டால் ஒரு பக்கமே வரும், எழுதினால் ஒரு நாள் பிடிக்கும் தாள்: செய்வேன், செய்ய மாட்டேன், கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று மூன்று பத்தி. எந்த வகைக் காட்சிகள், யாரோடு வேலை செய்ய மாட்டேன், ஆணுறை விஷயம், தொடக் கூடாத இடங்கள், சொல்லக் கூடாத வசைகள். இதை வாடகை கட்டிய வாரத்தில் எழுத வேண்டும். வாடகை பாக்கி இருக்கும் வாரத்தில் எழுதினால் மூன்றாவது பத்தி முதல் பத்திக்குள் நழுவிவிடும். எந்த வகைக்கு எவ்வளவு என்ற தொகையும் அதிலேயே இருக்கட்டும். ஒரு ஆணும் பெண்ணும் நடிக்கும் வழக்கமான காட்சிக்கு நடிகைகளுக்கு 800 முதல் 1,200 டாலர் வரை பேசுவது நடைமுறை. ஆண்களுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைவு. உழைப்பு சமம், ஊதியத்தில் ஆண் பின்தங்கும் தொழில்கள் உலகத்தில் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. பாதி விலைக்கு முதல் வேலையை ஒப்புக்கொண்டால் அதுவே உங்கள் விலை ஆகிவிடும். நிறுவனங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

வேலை எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்குப் பதில் சப்பென்று இருக்கும். பெரிய நிறுவனங்களின் இணையதளத்தில் அடிப்பக்கம் வரை இறங்கிப் போனால் நடிக்க விண்ணப்பிக்க ஓர் இணைப்பு இருக்கும். படிவத்தை நிரப்பி, படங்களையும் பரிசோதனைத் தேதியையும் எந்தெந்த நாட்களில் ஊரில் இருப்பீர்கள் என்பதையும் போட்டால் போதும். மின்னஞ்சல் எழுதினால் ஐந்து வரி: திரைப்பெயர், உயரம், ஊர், தேதிகள், எந்த வகைக் காட்சிகள். வாழ்க்கைக் கதை வேண்டாம். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்துப் புதுப் படங்களோடு ஒருமுறை. ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடக்கும் ஏவிஎன் என்ற தொழில் பத்திரிகையின் கண்காட்சியிலும் எக்ஸ்பிஸ் என்ற இன்னொரு பத்திரிகை நடத்தும் கூட்டங்களிலும் ஆட்களை நேரில் பார்க்கலாம். ஆனால் தனியாக வேலை பார்ப்பவர்களுக்கு உண்மையில் சோறு போடுவது சக நடிகர்களின் வாய்ச்சொல். நேரத்துக்கு வந்தார், பரிசோதனை கையில் இருந்தது, எல்லோரிடமும் மரியாதையாக இருந்தார் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அடுத்த நாலு வேலை அதிலிருந்து வரும்.

தட்டிக்கழிக்கிற கலையை இங்கே நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

சான் டியேகோவில் ‘கேர்ள்ஸ் டூ போர்ன்’ என்று ஓர் இணையதளம் இருந்தது. கிரெய்க்ஸ்லிஸ்ட் போன்ற வரி விளம்பரத் தளங்களில் மாடலிங் வேலை என்று விளம்பரம் போடுவார்கள். விண்ணப்பித்த இளம் பெண்ணிடம் விஷயத்தைப் பிறகுதான் சொல்வார்கள். இணையத்தில் வராது, ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ டிவிடியாக மட்டும் விற்போம், உங்கள் பெயர் எங்கும் இருக்காது என்று சத்தியம் செய்வார்கள். விமான டிக்கெட் அனுப்பி ஹோட்டல் அறைக்கு வரவழைத்து, அவசரப்படுத்தி, தளத்தின் பெயரே இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். சில வாரத்தில் படம் இணையம் முழுக்கப் பரவியிருக்கும். 22 பெண்கள் தொடுத்த வழக்கில் 2020 ஜனவரியில் 1 கோடியே 27 லட்சத்து 75 ஆயிரம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. மத்திய அரசு தனியாகக் குற்ற வழக்கும் போட்டது. படத்தில் நடித்த ஆணுக்கு 20 ஆண்டு, தளத்தை நடத்தியவருக்கு 2025-ல் 27 ஆண்டுச் சிறை.

இந்த வழக்கில் பலர் கவனிக்காமல் விடுகிற ஒரு விவரம் உண்டு. அந்தப் பெண்களில் பலர் ஏமாளிகள் இல்லை, விசாரித்துத்தான் போனார்கள். ‘எங்களோடு வேலை செய்த வேறு பெண்ணிடம் பேசிப் பாருங்கள்’ என்று நிறுவனமே ஓர் எண்ணைக் கொடுத்தது. மறுமுனையில் பேசிய பெண் ‘எனக்கு ஒரு பிரச்சினையும் வரவில்லை’ என்றாள். அப்படிப் பொய் சொல்வதற்கென்றே காசு கொடுத்து வைத்திருந்த ஆட்கள் அவர்கள்.

ஆக, விசாரிக்க வேண்டியது தயாரிப்பாளர் கொடுக்கிற எண்ணில் இல்லை. அவருடைய இணையதளத்துக்குப் போய், கடந்த ஆறு மாதத்தில் வந்த படங்களில் நடித்தவர்களில் மூன்று பேரை நீங்களே தேர்ந்தெடுத்து, அவர்களுடைய சொந்தக் கணக்குக்குச் செய்தி அனுப்புங்கள். கேட்க வேண்டியதும் ‘நல்லவர்களா’ என்று இல்லை. பேசிய தொகை அன்றே வந்ததா? பேசாத ஒன்றை அங்கே போன பிறகு கேட்டார்களா? நிறுத்துங்கள் என்றபோது நிறுத்தினார்களா? மறுபடி அங்கே போவீர்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் தாமதமாக வந்தால் அதுவே பதில். தளமே இல்லாத, ‘புதிதாக ஆரம்பிக்கிறோம்’ என்கிற நிறுவனத்துக்கு இந்தச் சோதனை சாத்தியமில்லை. முதல் வருடத்தில் அப்படிப்பட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிடுவது நல்லது. தளம் இருந்தால் 2257 ஆவணங்களை யார், எந்த முகவரியில் வைத்திருக்கிறார்கள் என்ற அறிவிப்பு அதில் இருக்க வேண்டும். அது இல்லாத தளம் சட்டத்தை மதிக்காத தளம். இன்னொன்று: படப்பிடிப்புக்கு முன்பே ‘ஒத்திகை’ அல்லது ‘டெஸ்ட் ஷூட்’ என்று இலவசமாகக் கேட்கிற தயாரிப்பாளர் தயாரிப்பாளரே இல்லை.

ஒப்பந்தத்தை, அதாவது ரிலீஸ் படிவத்தை, இரண்டு நாள் முன்னதாக மின்னஞ்சலில் கேளுங்கள். தளத்தில் மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்து பன்னிரண்டு பக்கம் படிக்க முடியாது. அதில் ‘எல்லா ஊடகத்திலும், உலகம் முழுக்க, என்றென்றைக்கும்’ என்ற வரி இருக்கும். அதை யாரும் அடித்துக் கொடுக்க மாட்டார்கள். அந்த வரியில் கையெழுத்துப் போட்டால் பத்து வருடம் கழித்து மனது மாறினாலும் படத்தைத் திரும்பக் கேட்க உரிமை இல்லை. இது தெரியாமல் வந்தவர்கள்தான் பிற்பாடு அதிகம் நொந்துபோகிறார்கள். அடிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியவை வேறு: உங்கள் சட்டப்பூர்வப் பெயரை விளம்பரத்தில் பயன்படுத்தும் உரிமை, அடுத்த படங்களுக்கும் கட்டிப்போடும் வரிகள், உங்கள் உருவத்தையோ குரலையோ கணினியில் மறு உருவாக்கம் செய்யும் உரிமை. இந்தக் கடைசி விஷயத்தில் கலிஃபோர்னியா 2025 ஜனவரி முதல் ஒரு பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. நீங்கள் நேரில் செய்ய வேண்டிய வேலையை டிஜிட்டல் நகல் செய்யலாம் என்று ஒப்பந்தம் சொன்னால், அது எதற்கு எப்படிப் பயன்படும் என்ற தெளிவான விவரமும் இல்லாமல், உங்கள் பக்கம் வழக்கறிஞரோ சங்கமோ பேசவும் இல்லாமல் எழுதிய வரி செல்லாது. செல்லாது என்று நீதிமன்றத்தில் போய் நிரூபிப்பதைவிட, பேனாவால் ஒரு கோடு போட்டு ஓரத்தில் இரண்டு பேரும் முதலெழுத்து வைப்பது மலிவு.

தொகை, எந்தக் காட்சி, யாரோடு, எத்தனை மணிக்கு, ரத்தானால் எவ்வளவு. இந்த ஐந்தையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். குறுஞ்செய்தியாக இருந்தாலும் போதும். நம் சினிமாவில் கால்ஷீட், பேட்டா என்று எவ்வளவோ வழக்கம் உண்டு. இங்கே பேட்டா கிடையாது, மதியச் சாப்பாடு இருந்தால் உண்டு. பயணச் செலவும் பேசினால்தான். தளத்தில் காட்சிக்கு முன்னும் பின்னும் கேமரா முன்னால் ஒரு சிறு பேட்டி எடுப்பார்கள்: போதை எதுவும் எடுக்கவில்லை, என்னென்ன நடக்கும் என்று தெரியும், முழு விருப்பத்தோடு செய்கிறேன். பின் பேட்டியில், தொகை வந்தது, பேசியபடி நடந்தது. இது தயாரிப்பாளரைக் காப்பதற்காக வந்த வழக்கம். ஆனால் உங்களுக்கும் அது சாட்சி. பேசியபடி நடக்கவில்லை என்றால் பின் பேட்டியில் அதைச் சொல்ல வேண்டும். சிரித்துவிட்டு ‘எல்லாம் நன்றாக இருந்தது’ என்று பதிவு செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து புகார் எழுதினால் அந்தப் பதிவுதான் உங்களுக்கு எதிராக ஓடும். காசோலை அங்கேயே கைக்கு வர வேண்டும். ‘வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுகிறோம்’ என்பது ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவு சொன்னால் சரி. கேமராவைத் தானே பிடித்திருக்கும் ஒருவர் சொன்னால் எந்த வெள்ளி என்று கேளுங்கள்.

பணம் வந்த பிறகு அதில் உங்களுடையது எவ்வளவு? தனி ஒப்பந்தக்காரர் என்பதால் வரி பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. சுயதொழில் வரி மட்டும் 15.3 சதவீதம். வருமான வரி அதற்கு மேல். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15-ஆம் தேதிகளில் தவணையாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு காசோலையிலும் 30 சதவீதத்தை வேறொரு கணக்கில் போட்டுவிடுங்கள். பரிசோதனை, பயணம், தொழிலுக்கென்று வாங்கிய பொருட்கள் எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருந்தால் கழித்துக்கொள்ளலாம். 1,000 டாலர் வாங்கிய நாளில் கைக்கு நிற்பது 550-ஐ ஒட்டித்தான் இருக்கும். வங்கிக் கணக்கை இரண்டு வங்கிகளில் வையுங்கள். 2014-ல் ஒரு பெரிய வங்கி நடிகர் பலரின் கணக்கை முன்னறிவிப்போடு மூடியது செய்தியானது. அதற்குப் பிறகும் இந்தத் தொழில் பெயரைக் கேட்டால் முகம் சுளிக்கிற வங்கிகள் இருக்கின்றன. பேபாலில் இந்த வேலைக்குப் பணம் வாங்காதீர்கள். கணக்கு முடங்கினால் உள்ளே இருப்பதும் முடங்கும்.

ஏஜெண்ட் இல்லாமல் இருப்பது இன்றைக்குச் சாத்தியமாகியிருப்பதே சொந்தத் தளங்களால்தான். ரசிகர்கள் சந்தா கட்டிப் பார்க்கிற தளமாக 2016-ல் வந்த ஆன்லிஃபேன்ஸ் வருமானத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. ஏஜெண்டைவிட அதிகம் என்பதை யாரும் கவனிப்பதில்லை. இரண்டு நடிகர்கள் சேர்ந்து எடுத்து ஆளுக்கொரு பிரதியைத் தத்தம் பக்கத்தில் போட்டுக்கொள்வதை ‘கன்டென்ட் ட்ரேட்’ என்பார்கள். காசு கைமாறாது, ஆனால் காகிதம் கைமாற வேண்டும். 2021 அக்டோபர் 15 முதல் மாஸ்டர்கார்டு, படத்தில் தெரியும் ஒவ்வொருவரின் வயதுக்கும் சம்மதத்துக்கும் ஆவணம் இருக்க வேண்டும் என்று தளங்களைக் கட்டாயப்படுத்தியது. ஆகவே கூட நடித்தவரின் அடையாள அட்டை, அட்டையோடு அவர் முகம், தேதி போட்ட ரிலீஸ் படிவம் மூன்றும் படமெடுக்கும் முன்பே கையில் இருக்க வேண்டும். ‘அப்புறம் அனுப்புகிறேன்’ என்ற நண்பர் அடுத்த மாதம் சண்டை போட்டுவிட்டால் அந்தப் படம் குப்பை. ஏற்றிய பிறகு தளம் ஆவணம் கேட்டால் கணக்கே உறைந்துபோகும். யார் எங்கெங்கே போடலாம், துண்டுகளை இலவசத் தளங்களில் விளம்பரத்துக்குப் போடலாமா, யாராவது தொழிலை விட்டால் என்ன செய்வது என்று அந்தப் படிவத்திலேயே நாலு வரி எழுதிக்கொண்டால் நட்பு மிஞ்சும். ஒரே தளத்தை நம்பியும் இருக்கக் கூடாது. 2021 ஆகஸ்டில் ஆன்லிஃபேன்ஸ் வெளிப்படையான பாலியல் படங்களை அக்டோபர் முதல் தடை செய்யப்போவதாக அறிவித்துவிட்டு சில நாளில் பின்வாங்கியது. அந்தச் சில நாட்களில் எத்தனை பேருக்குத் தூக்கம் போயிருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவருக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன எதுவும் இந்தியாவில் பொருந்தாது. பாலியல் செயலை வெளிப்படையாகக் காட்டும் படத்தை இணையத்தில் வெளியிடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவில் குற்றம். முதல்முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். அமெரிக்காவுக்குச் சுற்றுலா விசாவில் போய் இந்த வேலை செய்வதும் சட்டவிரோதம். ஆக, டெலிகிராமில் ‘வெளிநாட்டு அடல்ட் கம்பெனிக்கு மாடல்கள் தேவை, நாளுக்கு 50,000’ என்று வருகிற விளம்பரத்துக்குப் பின்னால் வேலை எதுவும் இல்லை. பதிவுக் கட்டணம் கேட்பார்கள், பிறகு ஆதாரும் படங்களும் கேட்பார்கள், பிறகு அந்தப் படங்களை வைத்தே மிரட்டுவார்கள். அனுப்பிவிட்டவர் பணம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் புகார் பதிவு செய்யலாம்.

லாஸ் ஏஞ்சலீஸுக்குத் திரும்பினால், ஏஜெண்ட் செய்து வந்த இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. படப்பிடிப்பு நாளன்று நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்த ஒரு ஆள். அதற்கு ஒரு நண்பர் வேண்டும். தள முகவரி, தயாரிப்பாளர் பெயர், எண், வண்டி எண், முடியும் நேரம் எல்லாம் முந்தின இரவே அவருக்குப் போக வேண்டும். உள்ளே போனதும் ஒரு செய்தி, காசோலை வாங்கியதும் ஒரு செய்தி. சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் ஆனால் அவர் உங்களைக் கூப்பிடுவார், எடுக்காவிட்டால் தயாரிப்பாளரைக் கூப்பிடுவார், அவரும் எடுக்காவிட்டால் 911. சொந்த வண்டியில் போங்கள், அல்லது திரும்பி வரும் வாடகைக் காருக்கான பணத்தைத் தனியாக வைத்துக்கொண்டு போங்கள். அவர்களே கொண்டுவந்து விடுவதாகச் சொல்லும் இடத்துக்குப் போனால், கிளம்ப வேண்டும் என்று தோன்றும் நேரத்தில் சாவி அவர்கள் சட்டைப் பையில் இருக்கும்.